அரை றாத்தல் பாண்

ஆறு வருஷத்துக்குப் பிறகு
கிளினிக்கில் ஒரு படிவம் தந்தார்கள்.
கேள்வி எல்லாம் "கடந்த ஒரு மாதத்தில்" என்றே தொடங்கும்.
ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி, எந்நேரமும்.
நாலு பெட்டி. ஒன்றில் புள்ளடி.

பேனையை மூடி வைத்தேன்.
ஃபஸ்லியா மிஸ் அவசரப்படுத்தவில்லை.
விசிறிக் காற்றில் தாளின் ஓரம்
எழும்பி எழும்பிப் படுத்தது.

எங்களிடமும் ஒரு கணக்கு இருந்தது, மிஸ்.
எட்டுக்குக் கணவாய்க் கறி, அவருக்குப் பிடித்த உறைப்பில்.
முப்பத்தோராம் நாள் முகத்துவாரத்தில் அந்தியேட்டி.
ஆட்டைத் திவசத்தன்று ஐயர் தர்ப்பையை அவிழ்த்துவிட்டு
பஸ்ஸுக்கு நேரமாகுது என்றார்.
அதற்குப் பிறகு வந்த நாட்களுக்குப்
பெயர் வைக்க ஒருவரும் இல்லை.
அங்கேதான் நான் இருக்கிறேன்.

அன்றைக்கு வியாழன்.
வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கி
தண்டவாளத்தோரமாய் நடந்து வருகிற மனுஷன்.
நான்தான் எடுத்தேன்.
"வரேக்குள்ள அரை றாத்தல் பாண்."
"சம்பலுக்குத் தேங்காய் கிடக்கோ?"
"கிடக்கு."
பிறகு கடல் காற்று. பிறகு ஹோர்ன்.
ஒரு ரயிலுக்கு விலகியவர்
மற்ற ரயிலின் வழியில் விலகியிருந்தார்.
நாற்பத்தொரு செக்கன் என்கிறது போன்.
கூப்பிட்டது நான் என்பதையும்
சின்னதொரு அம்புக்குறியால் காட்டுகிறது.

துயரம் என்று இதில் எழுதியிருக்கிறீர்கள்.
என்னிடம் இருப்பது பத்து நிமிஷம்.
பத்து நிமிஷம் கழித்து
பாண் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது,
அந்த மியூசிக்கைப் போட்டுக்கொண்டு,
கேற் வாசலிலேயே நின்றது.
கண்ணாடியெல்லாம் ஆவி.
உள்ளே, போறணையால் இறக்கின பாண்.
ஒன்று வாங்கினேன்.
இனி வாங்காதேங்கோ என்று சொல்ல
திரும்பவும் எடுத்தேன்.
மணி அடித்தது.
அடித்துக்கொண்டே இருந்தது.

பின்னேரம் ஐந்தரைக்கு இப்போதும் வருகிறது.
ஒழுங்கை முனையில் கேட்ட உடனே
குசினிக் குழாயை முழுசாய்த் திறந்துவிடுவேன்.
மழை நாளில் கிரைண்டர், உள்ளே ஒன்றும் போடாமல்.
கீழ்வீட்டுச் சந்திமா நோனா
என் வீட்டில் நெடுக அரைக்கிற வேலை என்று நினைக்கிறா.

ஆறு வருஷமாய் வீட்டுக்குள் பாண் இல்லை.
வேண்டாமென்று நான் சொன்னதே இல்லை.
விதுரன் ஒருநாளும் கேட்கவும் இல்லை.
அப்போது அவனுக்கு ஆறு வயசு.
போன மாதம் அவன் கொலரில்
ஒரு பாண்தூளைக் கண்டேன்.
நான் கண்டதை அவன் கண்டான்.
அந்த முகம், மிஸ்.
களவெடுத்த பிள்ளையின் முகம்.
அதனால்தான் வந்தேன்,
எனக்காக இல்லை.

படிவத்தை அவர் மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.
மறக்கச் சொல்ல மாட்டேன் என்றார்.
ஒரு நாளைக்கு, ஒரேயொரு நாளைக்கு,
குழாயைத் திறக்கக் கொஞ்சம் பிந்துங்கோ.
எத்தனை செக்கன் என்று எழுதிக்கொண்டு வாங்கோ.

செவ்வாய்க்கிழமை.
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன்.
மூன்றில் கை குளிர்ந்தது.
ஐந்தில் கடல் காற்று வந்தது, ஜன்னல் பூட்டிக் கிடக்க.
ஒன்பதில் திருகினேன்.

குழாய் இருமியது.
பிறகு வெறும் மூச்சு.
தண்ணீர் வெட்டு என்று
காலையில் அறிவித்தல் போட்டிருந்தார்களாம்.

ஆக, முழுவதையும் கேட்டேன்.
கடைசியில் கொஞ்சம் சுருதி விலகுகிறது அது.
இத்தனை வருஷத்தில் தெரியாது.
சந்திமா நோனா மிச்சக் காசுக்குச் சண்டை பிடித்தா.
ஓட்டோ திரும்பி, ரிவேர்ஸ் எடுத்து, போனது.
சிங்க்கின் விளிம்பை நான் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம்.
கதவுக்கு வெளியே நின்று
விதுரன் சட்டையைத் தட்டினான்.
இரண்டு தரம்.
பிறகு, சரிபார்க்க, இன்னொரு தரம்.