நிறுவை மேடையில் ஒரு காஞ்சில்

எண்ணூற்று முப்பது கிலோ.
விடியற்காலை மூன்று பத்துக்கு
உத்தான் மெலிந்தாங் ஆலையின் நிறுவை மேடையில்
லோரிகளை முந்திக்கொண்டு ஏறி நின்ற
காஞ்சிலின் எடை.
செம்பனைக் குலை ஒன்றுமில்லை.
ஹார்னிலிருந்து கையை எடுக்காத பூபாலன்,
பின்னிருக்கையில் கோகிலவாணி.
தெலுக் இந்தான் போகிற வழியில்
வெளிச்சம் தெரிந்த ஒரே இடம் நாங்கள்.

நான் உள்ளே ஏறினேன்.
எண்ணூற்றுத் தொண்ணூறு.

ஐந்து நிமிடம்கூட இல்லை.
கையில் வழுக்கி விழுந்தது
நீலமாய், மீன்போல், பேச்சில்லாமல்.
வெளியே சிவப்பு எண் அசையவில்லை.
பிறப்பதற்கு முன்னும் எண்ணூற்றுத் தொண்ணூறு,
பிறந்த பின்னும் எண்ணூற்றுத் தொண்ணூறு.
பத்துப் பத்துக் கிலோவாய் எண்ணப் பழகிய இரும்பு.

தொலைபேசியில் அந்த மலாய்ப் பெண்
"கெரிங்கான் டுலு, காக்" என்றாள்.
முதலில் துடை.
பெயர் கேட்கவில்லை, ஆணா பெண்ணா கேட்கவில்லை.
முதுகைத் துடை, தலையைத் துடை,
அக்குளில் தேங்கியதைத் துடை,
துடைத்த துணியைத் தூர எறி.
ஈரம் இருக்கும் வரை சூடு ஒழுகிக்கொண்டே இருக்கும்,
அடி ஓட்டை வாளி மாதிரி.
என் துண்டு போனது, பூபாலனின் கைலி போனது,
மூன்றாவது துணியில்தான்
தூக்கம் கலைத்தவளைத் திட்டுவதுபோல் அழுதது.

ஏர்கோனை அடை, என்றாள்.
பாவம், மனைவிக்கு வியர்க்கிறதென்று
முழு வேகத்தில் வைத்திருந்தான்.
கண்ணாடிகளை ஏற்று.
கொடியை வெட்டாதே, இழுக்காதே.
அது எட்டுகிற மட்டும் மேலே கொண்டுபோய்
வெறும் மார்பில் வெறும் உடம்பாய்ப் போடு.
கோகிலவாணி பட்டன்களைத் தேடாமல்
சட்டையைக் கிழித்தே திறந்தாள்.

லோரிக்காரர் கிம் சூன்
சுடுநீர் போத்தலோடு ஓடி வந்தார்.
வேண்டாம், சுட்டுவிடும்.
எங்கள் முதுகுக்குப் பின்னால்
கொதிகலன் சீறிக்கொண்டிருந்தது,
டன் டன்னாய்க் குலைகளை வேகவைக்கும் வெப்பம்.
அதில் ஒரு கரண்டி இதற்கு உதவாது.
இதற்கு வேண்டிய அளவு
அவள் தோலில் மட்டும் இருந்தது.

தலைக்கு? என்றாள் அந்தப் பெண்.
தலைக்கு ஒன்றுமில்லை.
அப்போது காவலர் தில்குமார்
கண்ணாடி இடுக்கில் நீட்டினார் ஒரு கம்பளித் தொப்பி.
ஊரிலிருந்து வந்தபோது கொண்டு வந்ததாம்.
ஆறு வருடமாய் இந்த வெக்கையில்
எதற்குக் காற்சட்டைப் பையில் வைத்திருந்தாரோ.
பிள்ளைக்கு அது மூக்கு வரை இறங்கியது.
மடித்துவிட்டேன்.

பிறகு முப்பத்தைந்து நிமிடம்.
நால்வர் மூச்சில் கண்ணாடி வெளுத்து,
எங்களுக்கு வியர்த்து ஊற்ற,
அதன் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
சில்லென்று.
சில்லென்று.
கொஞ்சம் சில்லென்று.
பிறகு என் விரல்தான் சில்லென்று.

ஆம்புலன்ஸ் போனதும் லோரிகள் நகர்ந்தன.
காலையில் மேலாளர் கேட்டார்:
மூன்று பத்துக்கு ஒரு சீட்டு இருக்கிறது,
வண்டி எண் இருக்கிறது,
சரக்கு என்ற கட்டம் ஏன் காலி?

கணினி விடவில்லை, என்றேன்.