தெரியாத எண்களைத் தள்ளவா?

பெட்டி சின்னது, சவர்க்காரக் கட்டி அளவு.
சங்கக் கட்டடத்தில், கணக்குக் கொப்பிகளுக்கு மேலே வைத்து
கரண்ட் கொடுத்தேன்.
பச்சை வெளிச்சம் ஒருமுறை விழித்தது,
பிறகு யோசிக்கத் தொடங்கியது.

"இது என்ன செய்யும் மனே?"
பொருளாளர் நேசதுரை. கையில் இன்னும் இறால் வாசம்.
"கேக்கும்."
"என்னத்தக் கேக்கும்?"
"தண்ணிய."
"கேட்டாக் குடுக்கத்தானே வேணும்" என்று
செம்பைத் தேடுவதுபோல் திரும்பிப் பார்த்தார்.

வாவிக்குள் ஏழு கம்பு நட்டிருக்கிறோம்.
நான்கு நம் குருமண்வெளிப் பக்கம்.
மூன்று படுவான்கரையில்,
மண்டூர்த் துறைக்குக் கீழே கண்ணாப் பற்றைக்குள்.
நிமிசத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும்
தன் எண்ணைச் சொல்லும், மட்டம் சொல்லும், உப்புச் சொல்லும்,
பிறகு வாய் மூடிக்கொள்ளும்.
கேட்டாயா என்று கேட்காது.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை.
தகரக் கூரை.
மூங்கிலில் அன்டெனாவைக் கட்டி முகட்டுக்கு மேல் ஏற்றினோம்.
ஒன்று வந்தது. இரண்டு, மூன்று, நான்கு. பிறகு ஆறு.
மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அக்கரையிலிருந்து ஏழு,
இரைச்சலுக்குள் ஒரு தும்மல்போல.
ஐந்து மட்டும் இல்லை.
தோணி எடுத்துப் போய்ப் பார்த்தால்
யாரோ அதில் வள்ளம் கட்டிக் கம்பு சரிந்து
ஏரியல் தண்ணீருக்குள் பேசிக்கொண்டிருந்தது.

இரவு கரண்ட் போய் வந்தது.
ரவுட்டர் மறதிக்காரன்.
நேற்று முப்பத்தேழு என்றவனுக்கு இன்று நாற்பத்தொன்று.
கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்து
பக்கத்து அறைக் கணினியில் வரைபடம் எழுதும் றிஸ்னா
பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தாள்.
"வீடு மாறினா சொல்லிட்டு மாறச் சொல்லுங்க."

முப்பத்தேழை அதற்கே என்று எழுதிவைத்தேன்.
பதின்மூன்று வயதுக்குள்
ஐந்து முகவரி எழுதிப் பழகிய கைக்கு
அந்த ஒரு வரியில் கொஞ்சம் பொறாமை.

மூன்றாம் நாள் பொழுதுபட
பட்டியலில் ஒரு புதியவர்.
மட்டம் இல்லை, உப்பு இல்லை.
அமுக்கம் இருபத்திரண்டு, சூடு நாற்பது.
பின்னாலேயே இன்னும் மூன்று பேர்:
முப்பத்துமூன்று, முப்பத்துமூன்று, முப்பத்திரண்டு.
றிஸ்னாதான் பிடித்தாள். "டயர்!"

கடைசிப் பாதைக்குப் போகிற ஏதோ ஒரு வாகனம்.
நாலு சில்லும் தங்கள் காற்றை
ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டு போகின்றன.
துறைக்கு ஓடினேன்.
பாதை நடு வாவியில்.
அதன்மேல் மூன்று வான், ஒரு லொறி,
எல்லாம் பின்பக்கச் சிவப்பு வெளிச்சம்.

அடுத்த நாள் இருபத்தொன்று.
அதற்கடுத்த நாள் இருபது.
எங்கோ ஒரு ஆணி, அவசரமில்லாத ஆணி.

அமைப்புகளின் கடைசி வரியில் பெட்டி கேட்கிறது:
தெரியாத எண்களை ஏற்கவா, தள்ளவா?
தள்ளத்தான் வேண்டும்.
ஏழு எண்ணையும் ஒவ்வொன்றாய் அடித்து முடித்து
விரலை வைத்துக்கொண்டு இருந்தேன்.

நேசதுரை ஒன்றும் சொல்லவில்லை.
இறால் விலைப் பலகையைக் கழற்றி
விலையை ஈரத்துணியால் துடைத்து
சோக்கால் எழுதினார்:
'கடைசிப் பாதையில போற வாகனக்காரர் கவனிக்க.
ஒரு சில்லுல காத்துக் குறைவு.
எவருடையது எண்டு தெரியா.
எல்லாரும் பாருங்க.'

அன்று பாதைக்கார மாசிலாமணி
ஐந்து நிமிசம் கயிறு அவிழ்க்கவில்லை.
ஆளாளுக்குக் குனிந்து சில்லைக் காலால் உதைத்தார்கள்.
மோட்டார்சைக்கிள்காரர்களும் உதைத்தார்கள்.
ஒரு சைக்கிள்காரரும்.

அன்று அந்த எண் வரவில்லை.
மறுநாளும் இல்லை.
ஒட்டுப் போடக் கொடுத்திருக்கலாம்.
வேறு பாதையால் போயிருக்கலாம்.
விலை தெரியாமல் இரண்டு வியாபாரிகள் நேசதுரையை ஏசினார்கள்.

ஏழும் ஒழுங்காய் வருகின்றன.
ஐந்தில் உப்புக் கூடியிருக்கிறது, எழுதிவைத்தேன்.
அந்தக் கடைசி வரியை
இன்னும் அப்படியே விட்டிருக்கிறேன்.