கடுகு வைத்த முட்டை

மூன்று வாரமாக முட்டை குறைந்தது.
ஐந்து கோழிகளுக்கு இரண்டு முட்டை,
சில நாள் வெறும் ஈர வைக்கோல்.

குரங்குதான் என்றேன்.
சாட்ஸ்வொர்த்தில் யாரைக் கேட்டாலும் குரங்குதான் என்பார்கள்.
மாமரத்திலிருந்து தகரக் கூரைக்கு,
கூரையிலிருந்து ரெஜி கோவெண்டரின் சமையலறைக்கு,
ரொட்டிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும் கூட்டம்;
அதற்கு முட்டை எடுக்கக் கூசுமா?
ஐம்பத்திரண்டு வயதில் கவண் வாங்கினேன்.
முதல் கல் ரெஜியின் கார்க் கண்ணாடியில் விழுந்தது.
அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

வியாழன் தையல் ஆலையில் வேலை இல்லை,
துணி வரவில்லையாம்.
கூட்டுக்கு எதிரே கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
மருதாயிக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன்.
(அவள் முதுகில் ஒரு இறகு மிச்சமில்லை.
சூப்பர்வைசர் என்று நான் பெயர் வைத்த கறுப்பி
கொத்திக் கொத்தி ரத்தம் பார்த்துவிட்டாள்.
பள்ளிச் சீருடைத் துண்டுதான், கரும்பச்சை,
இறக்கைக்கு இரண்டு எலாஸ்டிக்.)

பத்து மணிக்கு டீச்சர் உள்ளே போனாள்.
ஐந்தில் அவள்தான் சாது,
சோற்றை என் உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பவள்.
இட்டாள். எழுந்தாள். திரும்பினாள்.
ஒரு கண்ணால் பார்த்தாள், பிறகு மறு கண்ணால்.
ஒரே கொத்து.
மஞ்சள் ஒழுகும் அலகை வைக்கோலில் துடைத்துவிட்டு
வழக்கம்போல் என்னிடம் வந்தாள்,
கையில் என்ன என்று.

கவண் மடியில் இருந்தது.

முட்டையை ஊதிக் காலி செய்து
கடுகு அரைத்து அடை, ஜென்மத்துக்கும் தொடமாட்டாள் என்றான் ரெஜி.
கடுகோடு நிறுத்த எனக்கு மனமில்லை.
மாமியார் பெயர் போட்டு விற்கிற மிளகாய்த்தூள்
இரண்டு கரண்டி சேர்த்தேன், ஓட்டையை மாவால் அடைத்தேன்.
டீச்சர் உடைத்தாள்.
நின்றாள். தலையைச் சாய்த்து யோசித்தாள்.
முழுவதும் தின்றாள்.
தும்மியது நான்.

எதிர்வீட்டு நொம்புசோ வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
கோழி நாக்குக்கு மிளகாய் உறைக்காதாம்.
பிறகு ஓட்டுத் துண்டை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.
விரலில் வைத்து அழுத்த, சத்தமே இல்லாமல் மடிந்தது.
காகிதம், என்றாள். சிப்பித் தூள் போடுகிறாயா?

போடவில்லை.
நாளுக்கொன்றாக உடம்பிலிருந்து போனதை
அவள் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.
கிளினிக்கில் என் எலும்பைப் படம் பிடித்த பெண்ணும்
கிட்டத்தட்ட அந்த வார்த்தையைத்தான் சொன்னாள்.
அவள் கொடுத்த வெள்ளை மாத்திரை டப்பா
ஃபிரிட்ஜ் மேலே, சீல் உடையாமல்.

அன்று இரவே ரோஸிக்கு முட்டை அடைத்தது.
மூலையில் பென்குயின்போல் நிமிர்ந்து, வால் தாழ்ந்து,
முக்கி முக்கி ஒன்றும் வராமல்.
மின்வெட்டு நேரம். காஸில் வெந்நீர் வைத்து
துணி ஊறவைக்கும் பேசினில் இடுப்பளவு இறக்கினேன்.
செல்போனை வாயில் கடித்து வெளிச்சம்.
தண்ணீர் ஆற ஆற நொம்புசோ கெண்டி கெண்டியாக ஊற்ற,
கைக்குள் அந்த இதயம்
தையல் மெஷின் முழு வேகத்தில் ஓடுவதுபோல் ஓடியது.
எத்தனை நேரம் என்று தெரியவில்லை.
தண்ணீருக்குள் எதுவோ என் விரலில் வழுக்கியது:
ஓடில்லாத முட்டை, வெறும் தோல்,
சூடாக, குழந்தைக் கன்னம்போல் அமுங்கியது.
ரோஸி தலையை என் முழங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.
செத்துவிட்டாளோ என்று உலுக்கினேன்.
கோபமாக ஒரு கொத்து.

சிப்பித் தூள் வந்தது. கூட்டுக்கு இருட்டாகச் சாக்குத் திரை வந்தது.
டீச்சருக்குப் பீங்கான் முட்டை,
கொத்தி அலுத்தாள்.
மாத்திரை டப்பாவையும் திறந்தேன்,
சுண்ணாம்பு மெல்லுகிற மாதிரி இருக்கிறது.

நேற்றுக் காலை நான்கு முட்டை, தட்டினால் டக்கென்று.
கூடை எடுக்க உள்ளே போனேன்.
வரும்போது மூன்று.
சுவர்மேல் ஒருத்தி, வயிற்றில் குட்டி தொங்க,
இரண்டு கையாலும் முட்டையை ஏந்திக்கொண்டு
என்னையே பார்த்தாள்.

கவணை எங்கே வைத்தேன் என்று
தேடுவதுபோல் சற்று நேரம் நின்றேன்.