தேநீர்க் குன்று

கோப்பையை வைத்தவன் நான்தான்.
அமோஸ் த்ரெல்கெல்ட், சிப்பாய்,
பிரிகேடியரின் எடுபிடி.
பால் கொஞ்சம், சர்க்கரை இரண்டரைக் கரண்டி.
அரைக்கால் கரண்டி குறைந்தாலும்
கண்டுபிடித்துவிடும் நாக்கு அவருக்கு.
கண்தான் அப்படியில்லை.

ஃபிளாண்டர்ஸ். பதினேழாம் வருடத்து அக்டோபர்.
மேசை முழுக்க வரைபடம்,
வேறு இடமில்லை, வைத்தேன்.
எடுத்தபோது பழுப்பாய் ஒரு வட்டம்,
கொஞ்சம் நகர்த்தியிருப்பேன் போல,
உள்ளே இன்னொரு வட்டம்.

மறுநாள் காலை
பிரிகேடியர் ஃபேன்ஷா-லைல் அதைப் பிரம்பால் தொட்டார்.
"கனவான்களே, இந்தக் குன்று
இன்னும் ஏன் நம் வசம் இல்லை?"

மேஜர் பெவரெல் மூக்கு படுமளவுக்குக் குனிந்தார்.
மோந்தும் பார்த்தார் என்றே நினைக்கிறேன்.
"செங்குத்துச் சரிவு, சார்."
எள் என்றால் எண்ணெயாய் நிற்கும் கேப்டன் விம்போர்ன்
உயரத்தையே சொல்லிவிட்டான்:
நாற்பத்தேழு மீட்டர்.

நான் வாய் திறந்தேன்.
"இன்னொரு கோப்பை, த்ரெல்கெல்ட்."
மூடிக்கொண்டேன்.

ஏட்டுச் சுரைக்காய்க்கு அரிவாள் தீட்டினார்கள் இரவெல்லாம்.
விடியுமுன் நாற்பது பேர், கயிற்றேணிகளோடு,
முன்னால் சார்ஜென்ட் கார்சைட்.
போய் நின்ற இடம்
நம் அகழிகளுக்கு அரை மைல் பின்னால்,
தட்டையான பீட்ரூட் வயல்.
வயல்காரி வெர்ஹேகே அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.
"குன்றா? இங்கே உயரமாய் இருந்தது
என் புருஷன் ஒருத்தன்தான்.
அவனும் கூன் விழுந்துபோனான்."

கார்சைட் தந்தியடித்தான்:
குன்று இல்லை. பீட்ரூட் இருக்கிறது.
பதில் வந்தது:
பீட்ரூட்டைத் தாண்டி முன்னேறவும்.
தாண்டினால் ஒரு வாத்துக்குட்டை.
அதையும் தந்தியடித்தான்.
குட்டை குன்றின் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

இரண்டு நாள் நனைந்தபின்
கார்சைட்டுக்கு ஞானம் பிறந்தது:
குன்று பிடிபட்டது. சேதம் இல்லை.

அன்றிரவு ஷாம்பெயின் ஊற்றியவனும் நான்தான்.
உயரத்தைத் துல்லியமாய்க் கணித்ததற்கு
விம்போர்ன் பெயர் பதக்கத்துக்குப் போனது.
மேலே தண்ணீர் ஏற்ற
ஆறு கோவேறு கழுதைகள் அனுப்பப்பட்டன.
வயலில் நின்று அவை பீட்ரூட் தின்றன.

இதோடு முடிந்திருந்தால்
மதுக்கடையில் சொல்லிச் சிரிக்கலாம்.

மேஜர் பெவரெல்
வெற்றிபெற்ற குன்றைக் கண்ணால் காணக் காரில் கிளம்பி
வழி தவறி
நேரே ஜெர்மானியரிடம் போய் வழி கேட்டார்.
மடியில் அந்த வரைபடம்.

அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று கேள்வி.
ஆனால் அங்கேயும் ஒரு பிரிகேடியர் இருந்திருப்பார்,
அவரிடமும் ஒரு பிரம்பு.
ஒன்பது இரவு
பெரிய பீரங்கிகளெல்லாம் அந்த வட்டத்தை அடித்தன.

பின்வாங்கலாமா என்று கேட்டான் கார்சைட்.
"உயரமான இடத்தை விட்டுக்கொடுப்பவன் முட்டாள்"
என்றார் பிரிகேடியர்
முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டியபடி.
திரும்பியவர்கள் பதினொருவர்.
கார்சைட் இல்லை.
ஒரு கழுதை மட்டும் காயமில்லாமல்
தானாகவே தொழுவம் வந்து சேர்ந்தது.

ஆறு வருடம் கழித்துப் போனேன்.
வயலின் நடுவே ஒரு மேடு.
குண்டு புரட்டிய மண், மணல்மூட்டை,
எடுக்க முடியாமல் போனவர்கள்.
அளந்துவிட்டுப் போனார்களாம் சர்க்கார் ஆட்கள்,
நாலு மீட்டர்.
புது வரைபடத்தில் ஒரு வட்டம் உண்டு.
பழுப்பு மை.

வெர்ஹேகே அம்மாளுக்கு என்னைத் தெரியாது.
மேட்டில் ஏர் இழுக்கும் குதிரைக்கு மூச்சிரைக்கிறது என்று திட்டினாள்.
"மலை வேண்டுமென்று யார் அழுதது?"
பீட்ரூட்டுக்குக் காசு எவ்வளவு என்றேன்.
விநோதமாய்ப் பார்த்தாள்,
பிறகு உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தாள்.
சர்க்கரை அதிகம்.

மேசை காலியாகத்தான் இருந்தது.
ஆறும்வரை
கையிலேயே வைத்திருந்தேன்.