எட்டாவது டேக்

டொயோட்டா வேனின் வலப்பக்கக் கதவைக்
கயிறு போட்டுக் கட்டியிருந்தோம்.
ஹீட்டர் கிடையாது.
என் கீபோர்டுக்கு இரண்டு கம்பளி,
எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஒன்று.
போரியிலிருந்து கிளம்பினால்
வழியெல்லாம் பனி, லாரி, மரம், மறுபடி பனி.
இல்மோ முன்சீட்டில்
கழுத்துவரை மப்ளர் சுற்றிப்
பேசாமல் வருவான்.
பேசினால் குரல் போய்விடுமாம்.
எங்களுக்கும் அது வசதி.

நடனக் கூடங்களில் எங்களுக்குக் கிடைத்தது
டாங்கோவுக்கும் டாங்கோவுக்கும் நடுவே
இருபது நிமிடம்,
ஜோடிகள் காப்பி குடிக்கப் போகிற நேரம்.
வெள்ளிச் சட்டை, கண்மை.
நாற்காலிகளில் விட்டுப்போன கோட்டுகளைப் பார்த்துப் பாடுவான்.
ஓர் ஊரில், பெயர் வேண்டாம்,
ஒருவர் மேடையேறி வந்து
அவன் கண்மையைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டார்.
அடிக்கவில்லை. துடைத்தார், அவ்வளவுதான்,
பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல.
அன்றிரவு மட்டும் வேனில் பேசினான்.
அடித்திருக்கலாம் என்றான்.

அந்தப் பாட்டு
தூர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் கப்பலில் பிறந்தது.
கார்கள் நிற்கும் தளத்துக்கும் கீழே
ஜன்னல் இல்லாத ஓர் அறை.
பொரித்த எண்ணெய் மணக்கும் விரல்கள்
கதவை இரண்டு முறை தட்டும்.
இரண்டே முறை.
எங்கள் ஃபின்னிஷில்
அவன் அவள் என்ற பிரிவு கிடையாது,
இருவருக்கும் ஒரே சொல்.
அந்தச் சொல்லுக்குள் குடியிருந்தான் இல்மோ,
ரேடியோவிலும்
பதினாலு வயதுப் பெண்களின் படுக்கையறைச் சுவரிலும்.
ரேடியோக்காரர்களுக்கும் நிம்மதி.
அப்போது ஒரு சட்டம் இருந்தது:
இருந்துகொள்ளலாம், குற்றமில்லை.
ஊரறிய ஊக்கப்படுத்தத்தான் கூடாது.

பத்திரிகைக்கு ஒரு காதலி தேவைப்பட்டாள்.
நான் இருந்தேன்.
துயிரே, கீபோர்ட், வயது இருபத்திரண்டு,
பிடித்த உணவு என்று என்னவோ போட்டார்கள்.
இன்னும் நெருங்கி, என்றார் புகைப்படக்காரர்.
நெருங்கினோம்.
அவன் நெஞ்சு சீராக அடித்தது,
தாளம் காட்டும் கருவிபோல.
என்னுடையது அப்படி அடிக்கவில்லை.
அதை அவனிடம் சொன்னதில்லை.
இங்கே சொல்கிறேன்.

பிறகு லௌக்கானென் வந்தார்,
இசைத்தட்டுக் கம்பெனிக்காரர், கையில் எப்போதும் ஈரக்குடை.
ஸ்வீடன் பெரிய சந்தை என்றார்.
ஸ்வீடிஷில் பாடு என்றார்.
ஸ்வீடிஷில் ஒளிய இடமில்லை.
ஹன் என்றால் அவன்.
ஹுன் என்றால் அவள்.
மெய் இரண்டிலும் ஒன்றுதான்.
உயிர்தான் வேறு.

ஹுன் என்று தட்டச்சு செய்த தாளை
அவரே மைக்குக்குப் பக்கத்தில் மாட்டினார்.
ஏழு முறை பாடினான் இல்மோ.
ஏழும் சுத்தம், ஹோட்டல் படுக்கையைப்போல.
எட்டாவதில்
அந்த இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான்.
குவிந்த வாய்
பாதியில் தானாகத் திறந்தது.
லௌக்கானென் டேப்பைப் பின்னால் ஓட்டிக் கேட்டார்.
மறுபடி கேட்டார்.
என்னைப் பார்த்தார்.
நான் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.
"உச்சரிப்புக் கோளாறு," என்றார்.
"ஃபின்லாந்துப் பையன்தானே, விடு."
ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கு.

ஐநூறு பிரதி அடித்தார்கள். எழுபதோ என்னவோ போயிற்று.
மிச்சம் என் அப்பாவின் கராஜில்
பனிக்கால டயர்களுக்கு அடியில் கிடக்கிறது.
இன்றைக்கும் சில வேளை எடுத்துப் போடுகிறேன்.
எந்த உயிர் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

ஸ்டூரே, கப்பல் சமையற்காரன், ஸ்வீடிஷ் தாய்மொழி.
டிஸ்கோவில் ஒரே ஒருமுறை போட்டார்களாம்.
தட்டுக் கழுவுமிடத்தில் நின்று கேட்டிருக்கிறான்,
கதவு திறந்து மூடும் இடைவெளிகளில்.
உனக்கு எப்படிக் கேட்டது என்றான் இல்மோ.
ஸ்டூரே ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே
"உனக்கு ஸ்வீடிஷ் சொல்லித் தரணும்," என்றான்.

திரும்பும் வழியில்
மப்ளருக்குள் அந்த ஒற்றைச் சொல்லை
உருட்டிக்கொண்டே வந்தான்.
தொண்டை போய்விடும் என்றேன்.
கதவின் கயிறு அவிழ்ந்து
போரி வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது.
யாரும் இறங்கிக் கட்டவில்லை.