மாப் கணக்கு

பெரியாஸ்பத்திரி. அவசர தியேட்டர். இரவு ஒன்றே முக்கால்.
மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்கும் மொக்கைச்சாமியின் வயிறு
பலகையாகி வந்திருந்தது.
முதுகுவலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரை,
மாதக்கணக்கில்,
வெறும் வயிற்றில் டீயோடு.

எங்கே வலி என்றால் இத்தனை நாளும்
நெஞ்சுக்குழிக்குக் கீழே உள்ளங்கையால்
பொத்தாம்பொதுவாகத் தடவியவர்
நேற்று ராத்திரி ஒற்றை விரலால் தொட்டாராம்.
பிறகு விரலையும் எடுத்துக்கொண்டார்.
குடலின் மேல் படிந்த உறைக்கு விலாசம் சொல்ல வராது.
அதே உறை, சுவரின் உட்புறம் ஒட்டிக்கிடக்கும் பக்கம்,
தெருப்பேர் கதவு எண்ணோடு சொல்லும்.
அது வீறிட்டதும்
தசைகள் யாரையும் கேட்காமல் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டன.

பீட்டாடின் தடவும்போது
தொப்புளுக்குள் ஒரு வெங்காயச் சருகு.
இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"வெளிவீதி தோலு, மாசிவீதி கொழுப்பு,
ஆவணி மூலவீதி தசை, இல்லையா சிஸ்டர்?"
ஹவுஸ் சர்ஜன் பையனுக்குத் தூக்கம் விரட்ட ஏதாவது வேண்டும்.
நான் வில்லாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
வீதிகள் ஒன்றையொன்று தாங்கி நான் பார்த்ததில்லை.
இங்கே மேல் தசை, பேண்ட் பாக்கெட்டில் கைவிடும் திசையில் சரியும்.
அடுத்தது அதை எதிர்த்து ஏறும்.
மூன்றாவது குறுக்கே படுக்கும்.
மூன்றும் சண்டை ஓய்ந்து நாராகும் நடுக்கோடு வெள்ளை.
ரத்தம் அதிகம் கேட்காத இடம்;
ரஹ்மத்துன்னிசா மேடம் அதில்தான் கத்தி வைப்பார்.
இருபத்திரண்டு வருஷ மூட்டையில்
இவருக்கு அந்தக் கோடு இரண்டு விரல் அகன்றிருந்தது.

உறையை இரு இடுக்கிகளில் தூக்கி,
குடல் மாட்டவில்லை என்று விரலால் உருட்டிப் பார்த்து,
ஒரு சின்ன வெட்டு.
புஸ்.
பிறகு பச்சைத் தண்ணீர்.

விரித்தால் நாலு முழ வேட்டி அளவு வரும் என்பார்கள்.
ஒரே துணி, மடித்து மடித்து,
குடலுக்குத் தூளி, ஈரலுக்குத் தொங்கல்.
அந்த ஈரத்தில்தான் இருபதடிக் குடல்
நமக்குத் தெரியாமல் வழுக்கித் திரிகிறது.
அதன் மஞ்சள் முந்தானை, வபை,
ஏற்கெனவே மேலேறி ஓட்டையருகே நின்றிருந்தது.
யார் சொல்லி அனுப்பினார்கள்?
மேடம் அதையே இழுத்து ஓட்டையின் மேல் வைத்துத் தைத்தார்.

கழுவினோம். ஆறு பாட்டில் சலைன்.
மூட ஆரம்பிக்கும்போது எண்ணினேன்.
போர்டில் பத்து. கையில் ஒன்பது.

"மேடம், மாப் ஒண்ணு கொறையுது."
"மறுபடி எண்ணு."
எண்ணினேன். பக்கெட்டைக் கவிழ்த்து எண்ணினேன்.
பையனைக் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன்.
மயக்க டாக்டர் சோழராஜன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
ஒன்பது.
நைலான் இரண்டு கடி போட்டாயிற்று.
மேடம் ஒன்றும் பேசாமல் நூலை வெட்டினார்.

முழங்கை வரைக்கும் கை உள்ளே போனது.
மண்ணீரல் பக்கம் இல்லை.
இடுப்புக் குழியில் இல்லை.
மல்லாந்து படுத்தவருக்கு
ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு.
நடக்கும்போது அது பள்ளமே இல்லை.
சிந்தியதெல்லாம் போய்த் தேங்கும் அந்த இடத்தில்,
பச்சையில் ஊறி, சுருண்டு,
அவருடைய உறுப்புகளில் ஒன்றைப் போலவே கிடந்தது.

பத்து என்று எழுதினேன்.
சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

உள் உறையைத் தைக்கவில்லை, இப்போது தைப்பதில்லை.
வெள்ளைக் கோட்டைச் சேர்த்தால் போதும்.
காயத்தின் ஓரத்திலிருந்து மெல்ல வராமல்
எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் முளைத்து
ஒரு வாரத்தில் அது மூடிக்கொள்ளும்.

விடிகாலை வராந்தாவில் பவுனுத்தாய்.
"எத்தனை தையலு?"
"இருபத்தி நாலு."
"மூட்டை எப்பத் தூக்கலாம்?"
"மூணு மாசத்துக்குக் கூடாது. அப்புறமும் டாக்டரம்மாவைக் கேட்டுட்டு."
விரல் மடக்கினாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி.
ஐப்பசியில் விரல் நின்றது.
"தீவாளியும் அதுல போயிரும்" என்றாள்.
அவள் கணக்கில் பிழையில்லை.

தியேட்டர் கழுவ வந்தவர் தட்டைச் சாய்த்தபோது
பீட்டாடின் காய்ந்து ஒட்டியிருந்தது அந்தச் சருகு.
போர்டில் அதற்கு எண் இல்லை.
நகத்தால் சுரண்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது.