எடைமேடைப் பூனை

ரீயூனியன் முழுக்கக் கரும்பு அறுவடை.
சாந்த் ஆந்த்ரே ஆலையில்
லாரிகளை எடைபோடும் கண்ணாடி அறைக்குள்
இரவெல்லாம் நானும் கரியும்.

பாகு கொதிக்கும் வாசம்
சட்டையில், சாப்பாட்டு டப்பாவில், தூக்கத்தில்.
ஒரு சொட்டை விரலில் நீட்டினேன்.
முகர்ந்தது, தும்மியது, திரும்பிக்கொண்டது.
“பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது,
பிறவியிலேயே இல்லை” என்றாள்
ஆய்வுக்கூடத்து ழிசேல் சினிமாலே.
எனக்கு டாக்டர் சொல்லித்தான் இல்லை.

விளக்கை அணைத்தேன்.
கீறலாய்க் கிடந்த கண்மணி
வட்டமாய் விரிந்தது;
மீசை முன்னுக்கு வந்தது.
சோகைக் குவியலில் ஏதோ ஓர் எலி
எனக்கு எட்டாத சுருதியில்
கீச்சிட்டிருக்க வேண்டும்.

விடியுமுன் வந்து
சோதனை ஊசி குத்திய விரலை நக்கியது.
அரம் போன்ற நாக்கு.

அந்த ரத்தமும் சர்க்கரைதான், கரி.
உனக்கெங்கே தெரியப்போகிறது.